ஆறாம் கட்டத்தில் நிற்கிறது

1

காலை ஏழு ஐம்பது. ஏழு பத்துக்குப் புறப்பட வேண்டிய பேருந்து அம்பாசமுத்திரம் நிலையத்தில் நிற்கிறது. உள்ளே நான் இருக்கிறேன். 1997, ஆனி மாதம். இந்தக் கதை பிறந்த விதம் இவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான பிறப்பைச் சொல்ல ஆசைதான். இல்லை.

ஏன் எடுக்கவில்லை என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"பிரேக் லைனிங் வரணும் சார். மாத்து வண்டிக்குச் சொல்லிருக்கு."

"லைனிங் எப்போ வரும்?"

"ஆறாம் கட்டத்துல நிக்கி."

பக்கத்து இருக்கைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நேத்தும் அங்கனதான் நின்னுது" என்றார். இருவரும் சிரிக்கவில்லை.

ஆறாம் கட்டத்தில் நிற்கிறது என்றால் ஐந்து பேர் விட்டிருக்கிறார்கள். ஒருவர் விடவில்லை. யார் அந்த ஒருவர்? எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம். கம்பெனி, ஆட்கள், கம்ப்யூட்டர் எல்லாம் நான் கற்பித்தது. சரிபார்க்கக் கிளம்பாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: பிரம்மநாயகி ஜன்னல் வழியே தாமிரபரணியைப் பார்த்தாள். ஆறு இரு கரையும் தொட்டு

[நிறுத்தினேன். அந்த அலுவலகத்திலிருந்து ஆறு தெரியாது. தெரிவது டயர் கடை.]

இரண்டாம் தொடக்கம்: தொண்ணூறுகளில் தனியார் நிறுவனங்கள் தங்கள் அலுவல் முறைகளைக் கணினிமயமாக்க முற்பட்டபோது

[இதை எழுதியவனை நானே வாசிக்க மாட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. இன்று புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகுகாலம். ஆகவே எந்த மென்பொருளை வாங்குவது என்று பன்னிரண்டு மணிக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

இது நிற்கும். பஞ்சாங்கம் கெடு விதிக்காமல் இந்தக் கம்பெனியில் எதுவும் முடிவாகாது.

கம்பெனிக்கு முப்பத்தெட்டுப் பேருந்துகள். எந்த வண்டிக்கு எந்தப் பாகம் வேண்டுமென்றாலும் ஒரு மஞ்சள் படிவம் எழுத வேண்டும். அதில் ஏழு கட்டம், ஏழு கையெழுத்து. டிரைவர், மெக்கானிக், டிப்போ எழுத்தர், ஸ்டோர், மேனேஜர், ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர், முதலாளி. படிவத்தை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோவது பிரம்மநாயகியின் வேலை. வயது நாற்பத்து மூன்று. பதினோரு வருடமாக நடக்கிறாள். கம்பெனியில் அதிக தூரம் ஓடிய வண்டி தான்தான் என்பாள்.

முதலாளியின் மகன் குருபிரசாத் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்திருக்கிறான். இனி மஞ்சள் தாள் நடக்கக் கூடாது, கம்ப்யூட்டரில் தானே போக வேண்டும் என்கிறான். அவரவர் தம் பாஸ்வேர்டைப் போட்டு, திரையில் வாசித்து, ஒப்புதல் தட்ட வேண்டும். எந்த மென்பொருள் என்று தேர்ந்தெடுக்க மூன்று பேர் கமிட்டி. அவன், மேனேஜர் சிவசண்முகம், பிரம்மநாயகி.

"படிவம் போற வழி உங்களுக்குத்தான தெரியும்" என்று அவளைச் சேர்த்தான். அது உண்மை. அதுதான் தொல்லை.

3

நிறுவனங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. தேவைகளைப் பட்டியலிடுவது, ஒப்பிடுவது, மதிப்பெண் போடுவது. எடுத்துவிட்டேன். நடந்தது கீழே.

முதல் கம்பெனி சென்னையிலிருந்து வந்தது. கழுத்துப்பட்டை கட்டிய ஆள் செய்து காட்டும்போது மின்சாரம் போனது. மேனேஜர் கேட்டார்: "கரண்டு போனா ஒங்க சாப்ட்வேர் என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது சார். கரண்ட் வரணும்."

மேனேஜர் மதிப்பெண் தாளில் பூஜ்யம் போட்டார்.

இரண்டாம் கம்பெனி மதுரையிலிருந்து. அதே கேள்வி.

"விட்ட எடத்துலயே அப்படியே காத்துக்கிட்டு இருக்கும் சார்."

பத்துக்குப் பத்து. ஏழு கட்டத்தையும் உள்ளபடியே வைப்பதாகவும், திரையைக்கூட மஞ்சளாக்கித் தருவதாகவும் அந்த ஆள் சொன்னான். மேனேஜருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

[இரண்டு பேர் சொன்னதும் ஒரே பதில். பிரம்மநாயகிக்கு அது தெரிந்தது. மேனேஜருக்குப் புரியவைப்பதற்குள் ஆடி, ஆவணி எல்லாம் போய்விடும் என்று விட்டுவிட்டாள்.]

மூன்றாவது பாளையங்கோட்டையில் ஒரு சிறிய கம்பெனி. யூனிஸ் என்ற பெண் வந்தாள். கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. நான்கு நாள் கடிகாரத்தோடு உட்கார்ந்து, எந்தப் படிவம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எழுதினாள். மற்ற ஆறு கட்டமும் சேர்த்து நாற்பது நிமிடம். ஆறாம் கட்டம் மட்டும் முப்பத்தொரு மணி நேரம்.

"அந்த ஒரு கட்டத்த எடுத்துட்டா, கேட்ட அன்னைக்கே பாகம் கைக்கு வந்திரும் சார்" என்றாள். அவளுடைய மென்பொருளில் ஆறு கட்டம்தான்.*

* யூனிஸைக் கெட்டவளாக்க இரண்டு முறை முயன்றேன். முடியவில்லை. அவள் அளந்தது சரி.

4

ஆறாம் கட்டம் சங்கிலிபூதத்தான். மெக்கானிக்காக இருந்து சூப்பர்வைசர் ஆனவர். ஓய்வுக்கு இன்னும் பத்து மாதம். படிவம் வந்ததும் இப்படித்தான்:

"கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டேன் தாயி. வாசி."

"வண்டி ஆறு நாப்பத்திரெண்டு. பாபநாசம் தடம். முன்சக்கரத்துக்குப் பிரேக் லைனிங் ரெண்டு, அண்ணாச்சி."

"போன மாசந்தான மாத்துனோம்? அதுக்குள்ள எப்படித் தேயும்? டிரம்முல கோளாறு இருக்கும். எவனாவது அதப் பாத்தானா? லைனிங்க எழுதிட்டு டீ குடிக்கப் போயிட்டானுவ. நிறுத்து. நான் வண்டியப் பாக்கேன்."

வண்டிக்கடியில் போவார். ஓட்டிப் பார்ப்பார். டிரைவர் விடுப்பில் இருந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். மறுநாள்தான் கையெழுத்து. முப்பத்தொரு மணி நேரம் என்பது இதுதான்.

கண்ணாடியை மறப்பது தினமும். இரண்டாவது வருடம் ஒருநாள், கண்ணாடிக்கூடு அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. "கண்ணாடி கொண்டாரலை தாயி" என்றார். அவள் கூட்டைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவர் பார்த்தார். அவள் வாசித்தாள்.

அவருக்குத் தன் பெயரை எழுத வரும். வேறு எழுத்து வராது. கம்பெனியில் இது தெரிந்தவள் அவள் ஒருத்தி.

[முதல் பிரதியில் அவரைப் பார்வையற்றவராக்கியிருந்தேன். கண் இல்லாதவர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று நீங்கள் தலையாட்டுவீர்கள். உங்கள் தலையாட்டலை நினைத்து எரிச்சல் வந்தது. கிழித்தேன்.]

இரண்டாம் கம்பெனி வந்தால் கட்டம் இருக்கும். முதல் நாளே அவர் எல்லார் முன்னாலும் திரையை வாசிக்க வேண்டும். மூன்றாம் கம்பெனி வந்தால் கட்டம் போகும். பத்து மாதம் மரியாதையோடு ஷெட்டில் நடந்துவிட்டு வீட்டுக்குப் போவார். வண்டிக்கடியில் யாரும் போக மாட்டார்கள்.

5

பத்து நாற்பதுக்குக் கமிட்டி கூடியது.

"மூணாவதுதான்" என்றான் குருபிரசாத். "முப்பத்தோரு மணி நேரம் ஒரு தாள் ஒரே மேசையில தூங்குது."

"தூங்கலை சார். அண்ணாச்சி வண்டியப் போய்ப் பாக்காவ" என்றாள் பிரம்மநாயகி.

"அப்ப மத்த ஆறு பேரு?"

"நாங்களும் பாத்துத்தான போடுதோம்" என்றார் மேனேஜர். "சும்மாவா போடுதோம்?"

பிரம்மநாயகிக்குப் பதினோரு வருடத்துப் பொறுமை அந்த இடத்தில் தீர்ந்தது. கோப்பிலிருந்து ஒரு மஞ்சள் படிவத்தை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

"வாசிங்க சார்."

"கிளட்ச் பிளேட் ஒண்ணு. வண்டி அஞ்சு பதினேழு. என்ன இப்போ? என் கையெழுத்து இருக்குல்லா?"

"இருக்கு. அஞ்சு பேரு கையெழுத்தும் இருக்கு. வண்டிதான் இல்ல. அஞ்சு பதினேழப் பொங்கலுக்கு முந்தியே வித்தாச்சு. வள்ளியூர்க்காரவ வாங்கிட்டுப் போயிட்டாவ."

மேனேஜர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"ஆறாம் கட்டத்துலதான் நின்னுது" என்றாள். "நான் வாசிச்—"

"நீங்க?" என்றான் குருபிரசாத்.

"நான் கொண்டுபோய்க் குடுத்ததும் அண்ணாச்சி நிறுத்திட்டாவ."

குருபிரசாத் படிவத்தை எடுத்து மூன்று முறை வாசித்தான். அவன் மடையன் அல்ல. மடையனாக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

"அப்ப இந்தக் கட்டம் வேணும்."

"அதத்தான நானும் சொல்லுதேன்" என்றார் மேனேஜர். "ரெண்டாவது கம்பெனி."

"இருங்க. வேணும்னா வெறும் ஒப்புதல் பத்தாது. அண்ணாச்சி ஸ்கிரீன் முன்னால உக்காரணும். எந்த வண்டியில என்ன பாத்தேன்னு தெனமும் நாலு வரி எழுதணும். பத்து மாசத்துல போயிருவாரு. அவரு தலையில இருக்கது பூரா கம்ப்யூட்டர்ல ஏறிரணும்."

அவரைக் காப்பாற்றப் பேசினாள். இப்போது அவர் வாசித்தால் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும்.

"இல்ல சார், அவுகளுக்கு..." என்றாள்.

"அவருக்கு?"

"வேலை ஜாஸ்தி."

"அதுவும் சரிதான்." குருபிரசாத் யோசித்தான். ஒப்பீட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினான். "மேனேஜர் ரெண்டாவதுல இருக்காரு. நான் இப்பவும் மூணாவதுதான். ஆனா நீங்க சொன்னதும் மனசுல நிக்குது. மூணாவது ஓட்டு ஒங்களுது. ஆறாம் கட்டம் இருக்கணுமா வேண்டாமா, கீழ எழுதுங்க. எதுன்னாலும் நான் ஒத்துக்கிடுதேன்."

"சீக்கிரம்மா" என்றார் மேனேஜர். "ராகுகாலம் வந்துரும்."

6

வெளியே வந்து, தூணில் தாளை வைத்து, அவள் ஒரு வரி எழுதினாள். பதினொன்று முப்பத்தைந்து.

என்ன எழுதினாள் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்.

இருக்கட்டும் என்று எழுதினாள். ஆவணி முதல் நாள். மஞ்சள் திரை. எட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். பூதத்தான் உட்காருகிறார். கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்கிறார். யாரோ உதவியாக, "பையிலதான் இருக்கு அண்ணாச்சி" என்கிறார்கள். [இதற்கு மேல் போக முடியவில்லை.]

வேண்டாம் என்று எழுதினாள். ஐப்பசி மழை. பாபநாசத்திலிருந்து இறங்கும் வண்டி, நாற்பது பேர், வளைவில் [ஒரு கதையை முடிப்பதற்காக நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு வந்தேனா? அடித்தேன். ஆனால் அந்த வளைவு அங்கேதான் இருக்கிறது.]

ஒரு மாதம் அவகாசம் கேட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். பத்திரிகைகள் இதை விரும்பும். அவர் விரும்ப மாட்டார். "பத்து மாசம் ஓடப் போற வண்டிக்கு எதுக்குத் தாயி புது இஞ்சினு?" என்பார். அதைச் சொல்லவே, தனக்கு எழுத்துத் தெரியாது என்று அவர் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

குருபிரசாத்திடம் உண்மையைச் சொல்லி, பக்கத்தில் தான் உட்கார்ந்து வாசிப்பதாகக் கேட்டாள். நீங்கள் இதைத்தான் சொல்வீர்கள். விவேகமானது. ஆனால் அந்த உண்மை அவளுடையதல்ல. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். கேட்டால், இத்தனை வருடமாகத் தனக்குத் தெரியும் என்று சொன்னதாகும்.

படிவத்தில் ஏழாவது கட்டம் இறுதி ஒப்புதல். இந்தக் கதையில் ஏழாம் பகுதி கிடையாது. அங்கே கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள். அதற்கு முன் நடந்ததை மட்டும் தருகிறேன்.

தாளோடு அவள் ஷெட்டுக்குப் போனாள். பூதத்தான் வண்டிக்கடியிலிருந்து வந்து, கழிவுத் துணியில் கையைத் துடைத்தார்.

"என்ன கமிட்டியம்மா, கம்ப்யூட்டர் வாங்கியாச்சா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"பொண்ணு பாக்கப் போனாக்கூட இத்தன நாளு ஆவாது. அந்தப் பாளையங்கோட்டைப் பிள்ள நாலு நாளு எம் பக்கத்துல கடியாரத்த வச்சிட்டு உக்காந்திருந்தா. என்னையும் பஸ்சுன்னு நெனச்சிட்டா போல. வார நேரம், போற நேரம் எல்லாம் எழுதுதா."

அவள் சிரிக்க முயன்றாள்.

"எங் கட்டத்த எடுக்கப் போறாவளாமே?"

"யாரு சொன்னா?"

"சொன்னாவ." கையை நீட்டினார். "கொண்டா."

கொடுத்தாள். தூரத்தில் மேனேஜர் வராந்தாவுக்கு வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். பூதத்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அச்சடித்த வரிகள் மேல் அவர் பார்வை நிற்கவில்லை. அடியில், பேனாவால் எழுதிய அந்த ஒரு வரியில் நின்றது. பதினோரு வருடமாகப் படிவங்களின் ஓரத்தில் பார்த்த கையெழுத்து.

"இது ஒன் எழுத்துல்லா?"

"ஆமா அண்ணாச்சி."

சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு தெரிந்தது. அவர் தாளை மடிக்காமல், கறை படாமல், விரல் நுனியில் பிடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணாடி கொண்டாரலை தாயி. என்ன எழுதிருக்க, வாசி."