வில்ஃப் ஓக்டன் தானாக வெளியேறிய மதியம்

1

முதலில் ஒரு வாக்குமூலம்: இந்தக் கதை எனக்குத் துணிக்கொடியடியில் கிடைத்தது. எங்கள் தோட்டத்துக்கும் ஓக்டன் தோட்டத்துக்கும் நடுவே இடுப்புயர வேலிதான். அது இன்னும் இரண்டடி வளர்ந்திருந்தால் நானும் நல்ல மனிதனாக இருந்திருப்பேன்.

வில்ஃப் ஓக்டன் பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் கவுண்டி அணிக்கு முதலில் இறங்கும் பேட்ஸ்மேன். கோடையில் வெள்ளை உடுப்பு, குளிர்காலத்தில் பெயிண்ட் கடை. வயது முப்பத்தெட்டு. இந்தப் பருவத்தில் ஆயிரம் ரன் தொட்டால் அடுத்த வருடமும் ஒப்பந்தம். தொடாவிட்டால் பன்னிரண்டு மாதமும் பெயிண்ட் கடை. அதை முடிவுசெய்யும் கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுகிறது. இன்று புதன். கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். அவர் மட்டையோடு இறங்கியபோது 989.

2

"செப்டம்பர் வெயில் மைதானத்தின் மேல் பொன்னை..." வேண்டாம். இன்று வெயிலே இல்லை.

"அஞ்சாநெஞ்சர் வில்ஃப்..." பொய். காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். (அவர்கள் குளியலறை சன்னல் எங்கள் பக்கம் திறக்கும். நான் என்ன செய்ய?)

நேராகவே சொல்கிறேன். பந்து மட்டையில் உரசிப் பிடிபட்டால், அம்பயர் விரலைத் தூக்கும்வரை வில்ஃப் நிற்கமாட்டார், தானே வெளியேறிவிடுவார். ஊரில் அதற்கு அப்படியொரு மரியாதை. அவர் நகராமல் நின்றாலோ, பந்து படவில்லை என்று அர்த்தம். எந்த அம்பயரும் அதை மறுத்ததில்லை.

இன்று மதியம் 994இல் ஒரு பந்து அவரைத் தாண்டிக் கீப்பரிடம் போனது. 'டிக்' என்று ஒரு சத்தம். வில்ஃப் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"எங்கய்யா போற? அவுட்டுன்னு நாங்க கேக்கவே இல்லயே!" என்றான் கீப்பர்.

"டீக்கு இன்னும் அரைமணி இருக்குண்ணே! சாண்ட்விச்சு எங்கயும் ஓடிடாது!" இது ஸ்லிப்பில் நின்றவன்.

அம்பயர் ரெஜ், ஒரு காலத்தில் வில்ஃபோடு ஆடியவர், பின்னாலேயே ஓடினார். "நில்லுடா. நான் அவுட்டே குடுக்கல. மட்டை கால்கவசத்துல தட்டுன சத்தமாட்டம் இருந்துச்சு. பந்துல பட்டுச்சா, படலயா? நீ சொன்னா சரிதான்."

3

இந்தப் பகுதியை நான்கு முறை அடித்துவிட்டு நான்கு முறையும் திரும்ப எழுதினேன்.

பந்து பட்டதா என்று வில்ஃபுக்கே தெரியவில்லை. இத்தனை காலம் கைதான் அவருக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. ஜூலையிலிருந்து இடது கையில் மூன்று விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. சட்டைப் பொத்தானை மனைவி டோரீன்தான் போட்டுவிடுகிறாள். கிளப்பில் யாருக்கும் தெரியாது. இன்று சத்தம் கேட்டதும் நடந்தார், அவ்வளவுதான்.

'பட்டுச்சு' என்றால் ஆயிரம் போயிற்று. 'தெரியல' என்றால், கை செத்துவிட்டது என்று நடு மைதானத்தில் ஒப்புக்கொண்டதாகும். 'படல' என்றால், பதினெட்டு வருட நேர்மையை எடுத்து...

(முடிக்கத் தைரியமில்லை.)

"என்னடா, வில்ஃப்?"

"படல, ரெஜ்."

எல்லாரும் நம்பித் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். கீப்பர்கூட முதுகில் தட்டிக்கொடுத்தான். அந்தத் தட்டலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இன்னும் இரண்டு ரன் எடுத்தார், 996. அதற்குள் வெளிச்சம் மங்கி ஆட்டம் நின்றது. மிச்சம் நாளைக்கு.

4

முடிவுகள், கைவசம் உள்ளவை:

நாளை நான்கு ரன் எடுக்கிறார். எல்லாரும் எழுந்து கைதட்டுகிறார்கள். அவர் மட்டும் தலை நிமிரவில்லை.

நாளை முதல் பந்தே மெலிதாக உரசுகிறது. யார் காதிலும் விழவில்லை, அவர் காதிலும். அவர் நிற்கிற... (கிழித்துவிட்டேன்.)

மழை. எங்கள் ஊரில் நம்பும்படியான முடிவு இதுதான்.

ஆனால் என்னை உறுத்துவது முடிவு அல்ல, மூன்றாம் பகுதி. வெள்ளிக்குள் அது கமிட்டிக்காரர் ஒருவர் காதுக்கு எட்டினால், நாளை வில்ஃப் இருநூறு அடித்தாலும் வீண். அதை எடுத்துவிடலாம்தான். எடுத்தால் மிஞ்சுவது ஒரு மனிதன் தானாக வெளியேறித் திரும்பி வந்த வேடிக்கை மட்டும். அதை மைதானமே பார்த்துச் சிரித்தாகிவிட்டது.

எடுக்கவில்லை. நீங்களும் படித்துவிட்டீர்கள். இனி இந்தக் கதை உங்கள் வாயில் இருக்கிறது. மாலையில், மழைக்கு முன் துணி எடுக்க வந்த டோரீன் வேலியோரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசியாக என்னிடம் சொன்னதை, அப்படியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்:

"உங்க மனசோட வச்சுக்குங்க. வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."