படகோட்டிக்கு ஒதுக்கிய இடம்

பொன்செல்வி காலை ஒன்பதரைக்குக் கூப்பிட்டாள். லிங்கராஜ் அப்போதுதான் தம்பானூரில் தன் லேப்டாப் ரிப்பேர் கடையின் ஷட்டரைத் தூக்கியிருந்தான்.

"அண்ணா, அப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணி வித்துராவுக்குக் கொண்டு வந்தாச்சு. அன்னைக்கு லாட்ஜ்ல வச்சு எடுத்த ரெக்கார்டிங் முழுசா உங்ககிட்ட இருக்கும் அல்லே? அது எனக்கு வேணும்."

அவள் அப்பா தங்கையனின் குரல்வளையைப் பன்னிரண்டு நாள் முன்பு அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். இனி அவருக்குப் பேச்சு இல்லை.

"பாத்து அனுப்புதேன்" என்றான் லிங்கராஜ். பார்க்க ஒன்றும் இல்லை என்பது சொல்லும்போதே அவனுக்குத் தெரியும்.

இரண்டு வருடமாகப் பொன்செல்வியும் லிங்கராஜும் ஒரு பழைய ஜப்பானிய வீடியோ கேமைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்டுச் செய்ததல்ல. மலை ஏரிக்கரையில் ஒரு கிராமம், அங்கே வந்து சேரும் ஒரு பெண், அவளைக் கொண்டுவிடும் படகோட்டி. வசனங்களை எழுதியவள் செல்வி. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள், இப்போது வித்துராவில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். அவற்றைக் கேமுக்குள் சேர்ப்பது லிங்கராஜின் வேலை.

கேமின் குரல்கள் அத்தனையும் ஒரே பெரிய கோப்புக்குள் சுருக்கி அடுக்கப்பட்டிருந்தன. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். ஒரு குரலை எடுத்துவிட்டுத் தமிழ்க் குரலை வைத்தால், சுருக்கிய பிறகு அது பழையதன் அளவுக்குள் அடங்க வேண்டும். சிறிதாக இருந்தால் மிச்சத்தைப் பூஜ்யங்களால் நிரப்பிவிடலாம். துளி பெரிதானாலும் அடுத்த குரலின் மேல் ஏறிவிடும். கேம் அப்படியே நின்றுவிடும். எத்தனையோ முறை அதை நிற்கவைத்துத்தான் லிங்கராஜ் இதைக் கற்றுக்கொண்டான்.

ஜனவரியில் தொண்டைக் கரகரப்புக்குச் சோதனை செய்ய நகரத்துக்கு வந்த தங்கையன் மகளோடு லாட்ஜில் தங்கினார். அந்தக் கரகரப்பு படகோட்டிக்குப் பொருத்தமாக இருந்தது. லிங்கராஜ் பதிவு செய்ய லாட்ஜுக்கே போனான். நான்கு வரி எழுதிக் கொடுத்தார்கள்.

"இவன் படகுக்காரனா, பஸ் கண்டக்டரா? ஏறு, இறங்குன்னு மட்டும் சொல்லுதான்" என்றார் தங்கையன். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நனையாது, அட்டை கடித்தால் ஏன் பிடுங்கக் கூடாது, கரடியைப் பார்த்து வணக்கம் வைத்த கங்காணி என்ன ஆனான். நடுவில் இருமல், சிரிப்பு. ஒன்பது நிமிடம். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் பதிவில் விழுந்தது.

படகோட்டிக்கு இருந்த இடம் பதினான்கு வினாடி. லிங்கராஜ் வெட்டினான், ஒலியின் தரத்தையும் குறைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. அன்று அவனுக்குப் பெருமையாகவே இருந்தது. வேலை முடிந்ததும் மூலப் பதிவை அழித்தான். அது அவன் பழக்கம். அவன் கணினியில் எப்போதும் இடம் இருக்காது.

செல்வி கேட்ட பிறகு மூன்று நாள் அதை மீட்கப் பார்த்தான். எத்தனையோ பேரின் கல்யாணப் போட்டோக்களை மீட்டுக் கொடுத்தவன். இது வரவில்லை. அந்த இடத்தின் மேல் வேறு எதை எதையோ எழுதியாகிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள், சார்ஜர் வாங்க வந்த ஆர்ஷா அவன் திரையை எட்டிப் பார்த்தாள். ஒன்பது நிமிடத்தைப் பதினான்கு வினாடியாக வெட்டியதை அவன் சொன்னான். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்பவள், பழைய வாடிக்கை.

"சேட்டா, இதை எதுக்கு இத்தனை முறிச்சீங்க?"

"இடம் இல்லல்லா."

"கோப்போட கடைசியில கொண்டு வச்சாப் போதுமே. முன்னால ஒரு அட்டவணை இருக்கில்லே? குரல் எங்க இருக்கு, எத்தனை நீளம்னு. அதுல ரெண்டு நம்பர மாத்தினா கேம் அங்க போய் எடுத்துக்கும்."

கால் மணி நேரத்தில் செய்தே காட்டினாள். ஒரு முழு சினிமாப் பாட்டைப் படகோட்டியின் வாயில் வைத்தாள். கேம் நிற்கவில்லை. படகோட்டி ஐந்து நிமிடம் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டான்.

"என்ன சேட்டா, பாட்டு பிடிக்கலியா?" என்று சிரித்தாள் ஆர்ஷா.

ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜ் வித்துராவுக்குப் பஸ் ஏறினான். தங்கையன் கழுத்தில் வெள்ளைத் துணியும் மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். லிங்கராஜ் லேப்டாப்பைத் திறந்து அந்தப் பதினான்கு வினாடியை ஓடவிட்டான். அது முடிந்ததும் தங்கையன் விரலை ஆட்டினார்: மீதியையும் போடு.

"அவ்வளவுதான் மாமா" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். "இடம் இருந்திருக்கு. எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல."

செல்வி அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "ஹார்டிஸ்க் போச்சுன்னு சொல்லியிருக்கலாம் அண்ணா."

தங்கையன் நோட்டில் எழுதிக் காட்டினார்: 'எல்லாம் ஞாபகம் இருக்கு. எழுதித் தாரேன்.'

குனிந்து எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். ஓரிடத்தில் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆனது. முடித்துவிட்டு நோட்டை மகளிடம் நீட்டினார்.

"எழுத்து எனக்கு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டுச் செல்வி உள்ளே போனாள்.

நோட்டு லிங்கராஜ் பக்கம் திரும்பியது. வாசி என்று சைகை காட்டினார். அவன் உரக்க வாசித்தான். கங்காணி வணக்கம் வைக்கும் இடத்தில் தங்கையன் பென்சிலால் நாற்காலிக் கையைத் தட்டினார். சொல்லும் விதம் அப்படி இல்லை என்று தலையசைத்தார். லிங்கராஜ் அந்த வரியை மறுபடி வாசித்தான். மறுபடியும் தட்டினார்.