மேல் கம்பி

அண்ணனின் தலைமாட்டிலிருந்து எழுந்தவள் நேராகப் பின்வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

சித்தப்பா பார்த்துவிட்டார். பார்க்காமல் இருந்தால்தான் அதிசயம்.

"எங்கம்மா கெளம்பிட்ட? பன்னெண்டு மணிக்கு வண்டி வருது."

"சீக்கிரம் வந்துடுறேன் சித்தப்பா."

"அண்ணன் கூடத்துல கெடக்கான். இப்ப என்ன, ஆபீசா?"

ஆபீஸ்தான். ஆனால் அதைச் சொல்லாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டும்வரை அவர் அங்கேயே நின்றிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

அரைமணி நேரம் முன்னால்தான், கூடத்தில் வைக்க நல்ல படம் ஒன்று தேடி அண்ணனின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். படம் கிடைத்தது. அதற்குப் பின்னால், மூடாமல் விட்டிருந்த ஒரு கட்டடத்தின் வரைபடமும் கிடைத்தது.

அண்ணனும் தங்கையும் ஒரே ஆபீஸ். கட்டட வடிவமைப்பு. எந்தத் தூணில் எத்தனை கம்பி, எந்தத் தளத்தில் எங்கே கம்பி என்று தானாகவே அடுக்கிக் காட்டும் புரோகிராம் ஒன்றை அண்ணன் எழுதியிருந்தான். நாலு பேர் பத்து நாள் உட்கார்ந்து செய்யும் வேலையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடும். அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்ததும் அவன்தான்.

"வேலையெல்லாம் நல்லாத்தான் செய்வான். ஆனா மாப்பிள்ளை மேல ஒரு கண்ணு இருந்துக்கிட்டே இருக்கணும்," என்பான்.

மாப்பிள்ளைக்கு ஒரு கோளாறு உண்டு. பால்கனி விளிம்பில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர் வரைந்திருந்தால், பால்கனியையே தாங்குகிற சுவர் அது என்று நம்பிவிடும். இரண்டு பக்கமும் தாங்கல் இருப்பதாகக் கணக்குப் போட்டு முக்கியமான கம்பியை அடியில் போட்டுவிடும். அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனிக்குக் கம்பி மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால், என்றைக்காவது நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது அப்படியே முறிந்து விழும். அதைச் சரிசெய்ய உட்கார்ந்த வாரத்தில்தான் அண்ணன் படுக்கையில் விழுந்தான். அதுவரை ஒவ்வொரு பால்கனியையும் தன் கண்ணால் பார்த்துத் திருத்திவிடுவான்.

இந்த முறை பார்க்க வேண்டியவள் அவள். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமாக ஓடிய ஒரு சாயங்காலம், பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

நேற்று அண்ணன் கேட்டான்.

"பால்கனி எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேண்ணா."

"அப்ப சரி."

கண்ணை மூடிக்கொண்டான். விடியும்போது மூச்சு இல்லை.

காலையில் திரையில் பார்த்த கட்டடத்தில் மூன்று பால்கனிக்கும் கம்பி கீழே இருந்தது. இன்று பத்து மணிக்கு அங்கே கான்கிரீட். சைட் இன்ஜினியர் ஃபோனை எடுக்கவில்லை. அதனால்தான் ஸ்கூட்டர்.

மூன்றாவது மாடியில் அவளைப் பார்த்ததும் சைட் இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மேடம்! நீங்க எப்படி இன்னைக்கு..."

"கான்கிரீட்ட நிறுத்துங்க."

"லாரி கெளம்பிடுச்சு மேடம்."

"திருப்பி அனுப்புங்க. மூணு பால்கனியிலயும் கம்பி கீழ கெடக்கு. மேல வரணும்."

அவன் வரைபடத்தை விரித்தான். விரல் வைத்துக் காட்டினான். "இதுல கீழதான் காட்டியிருக்கு. செக் பண்ணது நீங்க. கையெழுத்து உங்களுது."

"என்னுதுதான். பாக்காம போட்டது."

அவன் வரைபடத்தை மெல்ல மடித்தான்.

பின்னாலிருந்து கம்பி மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே கேட்டேன் சார். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு சொன்னீங்க."

"நீ சும்மா இருய்யா."

"சும்மாதான் சார் இருந்தேன். அதான் இப்ப அவுக்க வேண்டியிருக்கு."

கம்பிகளைப் பிணைத்திருந்த கட்டுக்கம்பிகளை வெட்டும் சத்தம் ஆரம்பித்தது. லாரி வேறு சைட்டுக்குத் திரும்பியது. அடுத்த லாரி பன்னிரண்டுக்கு.

"நீங்க கெளம்புங்க மேடம்," என்றான் சைட் இன்ஜினியர், குரலைத் தணித்து. "நாங்க பாத்துக்கறோம். ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன்."

நியாயமான பேச்சு. அவள் நாலு படி இறங்கினாள். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் அந்தச் சாயங்காலமும் நினைத்தாள். ஐந்தாவது படியில் கால் நின்றது. திரும்பி ஏறினாள்.

பதினொன்றரைக்கு அண்ணியின் ஃபோன்.

"எங்க இருக்க? வண்டி சீக்கிரமே வந்துடுச்சு."

"சைட்ல அண்ணி."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சித்தப்பா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"பால்கனியா?"

"ம்."

"பாத்துட்டேன்னு அவர்கிட்ட சொன்னியே?"

"பாக்கல அண்ணி."

அண்ணி ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எத்தனை முடிஞ்சுது?"

"ரெண்டு. இன்னும் ஒண்ணு."

"வண்டியக் காக்க வைக்க முடியாதும்மா."

"தெரியும் அண்ணி. எடுக்கச் சொல்லுங்க."

"சரி. நீ பாத்துட்டே வா."

மூன்றாவது பால்கனியில் கடைசிக் கட்டுக்கம்பியையும் முறுக்கிவிட்டு மேஸ்திரி நகர்ந்தார். அவள் டேப்பை வைத்து, அடிப்பலகைக்கும் கம்பிக்கும் நடுவே நாலு இடத்தில் அளந்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பிகளின் மேல் ஏறி, விளிம்புவரை மெதுவாக நடந்து போய்த் திரும்பினாள். எங்கேயும் அமுங்கவில்லை.

"உள்ள வந்துடுங்கம்மா," என்றார் மேஸ்திரி. "ஊத்தணும்."

வந்தாள். மணி பன்னிரண்டே கால்.

"ஊத்துங்க."

குழாய் ஒருமுறை உதறிக்கொண்டது. கான்கிரீட் விழுந்து, மட்டப்படுத்தும் கட்டையின் முன்னால் மெல்லப் பரவி, ஒவ்வொரு கம்பியாக மூடிக்கொண்டு போனது. விளிம்போரத்தில் ஒரே ஒரு முனை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. மேஸ்திரி கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்தார். அப்புறம் அந்த இடம் சமமாக இருந்தது.