ஒன்றரை லிட்டர் பழைய ஆயில்

எஞ்சினை விட்டு இன்னும் வெளியே வராத பழைய ஆயிலைக் கலைமணி காலை எட்டு மணிக்கே இரண்டு பேருக்குத் தள்ளிவிட்டிருந்தாள்.

காசுக்கு இல்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மாளுக்கு ஆட்டுக்கொட்டாய்க் கம்பங்களில் கரையான் ஏறுகிறது. ஆயில் பூசினால் நிற்கும். அதற்கு மாற்றாக முட்டையிடும் நாட்டுக்கோழி ஒன்று. கான்கிரீட் வேலை செய்கிற மாதையனுக்கு, சிமெண்டு ஒட்டாமல் இருக்கச் சென்ட்ரிங் தகடுகளில் தடவ ஆயில் வேண்டும். அதற்கு மாற்றாகக் கொல்லையில் துணி துவைக்கிற மேடையைப் பூசித் தருவதாகப் பேச்சு. இருவருக்கும் வாக்குக் கொடுத்தது அதே ஒன்றரை லிட்டர்தான். கலைமணி பாப்பிரெட்டிப்பட்டியில் புளி வியாபாரம் செய்கிற வீட்டில் பிறந்தவள். மரத்தில் காய் இருக்கும்போதே பழத்துக்கு விலை பேசுகிற வீடு அது. வத்தல்மலைக்கு வாக்கப்பட்டு பதினோரு வருஷம் ஆகியும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

ஆனால் இன்றைக்கு அவள் மனசு கோழியிலும் இல்லை, மேடையிலும் இல்லை. சாவியில் இருந்தது.

அவள் புருஷன் சந்திரமோகன், மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து வாங்கி வந்த ஏ.டி.வி. வண்டியின் சாவி. சிவப்பு நிறம், கொழுத்த நாலு சக்கரம், பைக் மாதிரி கைப்பிடி, முன்னும் பின்னும் மூட்டை வைக்க இரும்புக் கேரியர். பள்ளம் மேடு பார்க்காமல் காப்பித் தோட்டத்துக்குள் அது ஊர்ந்து போவதைப் பார்த்து ஊரே அதற்கு நண்டு என்று பெயர் வைத்துவிட்டது. நண்டின் இரண்டு சாவிகளையும் சந்திரமோகன் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தான். குளித்தாலும் அவிழ்க்க மாட்டான்.

"ஆயில் மாத்தற நாள் வந்துருச்சு. தர்மபுரியில இருந்து மெக்கானிக்கக் கூட்டிக்கிட்டு வரணும்" என்று நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"எதுக்குங்க? நானே மாத்தறேன். போன்ல வீடியோ பாத்து வெச்சிருக்கேன்."

அவனுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தான். "சரி. நாளைக்குப் பன்னெண்டு மணி பஸ்ஸுல வர்றேன். ஆயில மாத்தி, நீயே ஓட்டிக்கிட்டு வந்து பஸ் நிறுத்தத்துல நில்லு. ரெண்டு சாவியும் உன்னுது. இல்லைன்னா, இனிமே நண்டுன்னு வாயத் திறக்கக் கூடாது."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறுனா என்ன ஏன்னு கேளு."

காலையில் ஒரு சாவியை மட்டும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் இறங்கிப் போனான். அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அவன் மத்தியானம் குறட்டை விடுகிற நேரத்தில், அரைஞாணுக்கு வலிக்காமல் சாவியை அவிழ்த்து, பள்ளிக்கூட மைதானத்தில் அவள் நாலு தடவை நண்டை ஓட்டியாகிவிட்டது.

வீடியோவில் சொன்னபடியே செய்தாள். எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு ஆயிலை இளக்கினாள். அணைத்துவிட்டு அடியில் ஓட்டைப் பேசினை வைத்தாள். ஓட்டை விளிம்பில்தான், கவலையில்லை. பதினேழாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு அடி போல்ட்டைத் தளர்த்தினாள். கடைசிப் புரியைக் கையால் திருகும்போது, காப்பி டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக, சுடச்சுட ஆயில் விரலில் கொட்டியது. "அய்யோ" என்று உதறினாள். போல்ட்டு வாஷரோடு பேசினுக்குள் விழுந்து முழுகிப்போனது.

போனால் போகிறது, ஆயில் வடிந்து ஆறட்டும், அப்புறம் துழாவி எடுக்கலாம் என்று நினைத்தாள். வாஷரைப் புதிதாகப் போட வேண்டுமா, பழையதே போதுமா என்று வீடியோவில் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஊரில் டவர் கிடைப்பது மேட்டுப் பாறையில் மட்டும். ஏறினாள், பார்த்தாள். பழையது போதும். இறங்கி வந்தாள்.

நண்டு இருந்தது. பேசின் இருந்தது. பேசின் துடைத்துவிட்ட மாதிரி காலி.

கலைமணி செல்லம்மாளின் கொட்டாய்க்கு ஓடினாள். செல்லம்மாள் பழைய துணியை ஒரு வாளியில் நனைத்துக் கம்பத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஆயிலுக்குள்ள ஒரு போல்ட்டு இருந்துச்சா?"

"போல்ட்டு இருக்கட்டும்டி. மொதல்ல இதச் சொல்லு. எனக்குக் குடுத்த ஆயில மாதையனுக்கும் எப்படிக் குடுத்தே? நான் பேசினத் தூக்கறேன், அந்தாளு கேனத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறான். பெரிய பஞ்சாயத்தே ஆயிப்போச்சு. கடைசியில பாதிப் பாதி பிரிச்சுக்கிட்டோம். அதனால கோழி கெடையாது. ரெண்டு முட்டை வேண்ணா வாங்கிக்கோ."

கலைமணி வாளிக்குள் கையை விட்டு முழங்கை வரைக்கும் துழாவினாள். போல்ட்டு இல்லை. மணி பத்தரை.

மாதையன் ஊர்க்கோடியில் தகடுகளை வரிசையாகப் பரப்பி, பீடி வலித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடி வந்தவள், அவர் கண்ணில் படுகிற தூரம் வந்ததும் நடையைத் தளர்த்தினாள். பேரம் பேசும்போது வேண்டிய பொருளின் பக்கம் கண்ணே போகக் கூடாது.

"என்ன மாமா, வேலையெல்லாம் ஆவுதா?"

"ஆவுது."

"வெயிலு கொஞ்சம் அதிகந்தான்."

"அதிகந்தான்." மாதையன் சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்து, சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இதத்தான தேடறே?"

கலைமணிக்கு உள்ளே குதித்தது. வெளியே கொட்டாவி விட்டாள். "அட, இதுவா? கெடக்கட்டும் மாமா. தர்மபுரியில எந்தக் கடையில கேட்டாலும் குடுப்பான்."

"அப்ப அங்கயே வாங்கிக்கோ" என்று மாதையன் போல்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மணி பதினொன்னு ஆவப் போவுது. பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு நீ நண்ட ஓட்டிக்கிட்டு வரணுமாமே? உன் வூட்டுக்காரன் காலையில பஸ்ஸுல ஊருக்கே சொல்லிச் சிரிச்சுட்டுப் போனானே."

மானத்தை வாங்கவே போயிருக்கிறான் மனுஷன். கலைமணி கொட்டாவியை நிறுத்தினாள். "என்ன வேணும் மாமா?"

"ஒரு வருஷமா கேக்கறேன், ஒரு தடவ ஏத்த மாட்டேங்கறான் உன் புருஷன். நண்டு மேல ஏத்தி ஊர மூணு சுத்து சுத்திக் காட்டு."

"மூணா? போல்ட்டு ஒன்னுதான மாமா."

"வாஷரும் இருக்குது."

"ஒரு சுத்து."

"ரெண்டு. அதுவும் கூட்டம் பாக்கற எடத்துல."

"கூட்டந்தான வேணும்? பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போறேன். பஸ்ஸு மொத்தமும் பாக்கும். இதுக்கு மேல கேட்டா நான் பஸ்ஸுக்கு நடந்தே போய்க்கறேன்."

மாதையன் மீசையை நீவிப் பார்த்தார். பஸ் முழுக்க ஜனம், ஜன்னலுக்கு ஜன்னல் தலை. போல்ட்டு கை மாறியது.

திரும்பி ஓடி, போல்ட்டைத் துடைத்து, வாஷரைப் போட்டு முடுக்கினாள். வீட்டில் வாங்கி வைத்திருந்த புது ஆயிலைத் தேன் மாதிரி ஊற்றினாள். அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. சாவியைத் திருகினாள். நண்டு ஒரு செருமல் செருமி, உடனே சுகமாக உறுமியது. கீழே எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. சந்தோஷத்தில் ஆயில் கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

கூடவே வந்திருந்த மாதையன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "பேசினத் தூக்கிச் சுளுக்கிக்கிட்டவ நானு" என்று செல்லம்மாள் அவருக்கும் பின்னால் கேரியரில் ஏறிவிட்டாள்.

பஸ் வளைவில் திரும்பும்போது நண்டு நிறுத்தத்தில் நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள். மாதையன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கும்பிட்டார். முதலில் சந்திரமோகன் இறங்கினான். பின்னாலேயே டூல்ஸ் பையோடு ஒரு ஆள்.

"இது யாருங்க?" என்றாள் கலைமணி.

"மெக்கானிக் முருகேஷு" என்றான் சந்திரமோகன், அவள் நெற்றிக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே. "ஒருவேளைக்கு இருக்கட்டும்னு..."

முருகேஷ் குனிந்து அடியில் பார்த்தான். போல்ட்டை ஸ்பேனரால் தொட்டான். கம்பியை உருவிப் பார்த்தான். "சரியா ஊத்தி, சரியா முடுக்கியிருக்காங்கண்ணா. எனக்கு இங்க வேலையில்ல" என்று சொல்லி, வந்த பஸ்ஸிலேயே மறுபடி ஏறிக்கொண்டான். ஜன்னலிலிருந்து யாரோ கை தட்ட, பஸ்ஸே தட்டியது. அதற்குள் மாதையன் போல்ட்டு கதையைச் சந்திரமோகன் காதில் போட்டுவிட்டிருந்தார்.

சந்திரமோகன் சட்டையைத் தூக்கி, அரைஞாணில் இருந்த இன்னொரு சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தான். முகம் தோற்றவன் முகமாக இல்லை. "சரி, வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

"என்ன தருவீங்க?"

"இந்தாளு சொல்றதப் பாத்தா போல்ட்ட ஊரெல்லாம் தேடுனியாமே. அடுத்த தடவ நீ ஆயில் மாத்து. நான் போல்ட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

நல்ல விலை. கலைமணி திரும்பினாள். "மாமா, எறங்குங்க."

"என்னது?"

"நிறுத்தம் வரைக்கும்னுதான பேச்சு? நிறுத்தம் வந்துருச்சு."

செல்லம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாதையன் மெதுவாக இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார். சந்திரமோகன் ஏறிப் பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டான். நண்டு கிளம்பியது.

"கலை!" பின்னாலிருந்து மாதையன் குரல் கொடுத்தார். "அந்தத் தொவைக்கிற மேடை! அதையும் பாதி வரைக்குந்தான் பூசுவேன்!"

கலைமணி பிரேக் போட்டாள்.