அவனுக்குத் தெரிந்த சொல்

கந்தோரிலிருந்த எல்லாக் கணினிகளின் ஓரத்திலும் கடவுச்சொல் எழுதிய ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. ஜெனிஸ்ரா அவற்றை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தாள். சில தாள்கள் லேசில் வரவில்லை. சோளகக் காற்று யன்னலால் கொண்டுவந்த மணல் பசையோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. வாசிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் கண் கேட்கவில்லை. கணக்காளரின் தாளில் ஒரு பெண்பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் இருந்தன. அவருக்கு இப்போது இருப்பது இரண்டு ஆண்பிள்ளைகள். வெளிக்கள வேலை பார்க்கும் சீவரத்தினத்தின் தாளில் ஓர் ஊரின் பெயர். அந்த ஊருக்கு இராணுவம் இன்னும் யாரையும் விடவில்லை. இன்சாபின் தாளில் வெறும் வீட்டு இலக்கம். அவனுடைய குடும்பம் புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு மன்னாருக்குத் திரும்பியபோது, அந்த இலக்கம் எழுதியிருந்த சுவர் இல்லை. தாள்களைக் கிழித்துப் போடும்போது பெயர்கள் நடுவால் கிழியாமல் பார்த்துக்கொண்டாள்.

மீளக் குடியேறிய கரையோரக் கிராமங்களின் பெண்களுக்காக வேலை செய்கிற சிறிய நிறுவனம் அது. பெண்களின் பெயர், முகவரி, காணாமல்போனவர்களின் விபரம் எல்லாம் அந்தக் கணினிகளில் கிடந்தன. பணிப்பாளர் யோகராசா கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த கையோடு, கணினியிலும் போனிலும் ஒன்றாக வேலை செய்கிற பாஸ்வேர்ட் மனேஜர் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி ஜெனிஸ்ராவிடம் சொல்லிவிட்டார். கடவுச்சொற்களைத் தானே உருவாக்கி, தானே பூட்டி வைத்து, கேட்கிற இடத்தில் தானே நிரப்புகிற பெட்டகம் அது. மனிதர் நினைவில் வைக்கவேண்டியது அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் ஒரு சொல்லை மட்டும். விஞ்ஞானப் பட்டதாரி என்பதால் வேலை அவளுக்கு வந்தது. கூட்டங்களில் வாய் திறக்காதவள், மறுக்கவும் மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

கணினிகளைப் பார்த்துக்கொள்கிற இன்சாபுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

“எல்லாச் சாவியையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டுங்கோ. பிறகு பெட்டிச் சாவியைத் துலைச்சிட்டு எல்லாரும் என்னட்ட வாங்கோ,” என்றான். “யோகராசா சேர் தன்ரயைச் சொல்லவே மாட்டன் எண்டு நிக்கிறார். மிஸிஸின்ர பேர் இல்லை எண்டு மட்டும் விளங்குது.”

அவள் மூன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். கந்தோர்க் கணினியில் மூன்றுமே நன்றாக வேலை செய்தன. அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. ஒரு கம்பி எங்கே அறும் என்று பார்க்க வேண்டுமென்றால் அதன் மெலிந்த இடத்தில் பாரத்தை ஏற்றவேண்டும் என்பது ஆய்வுகூடத்தில் படிந்த பழக்கம். அவளுக்குத் தெரிந்த போன்களில் மெலிந்தது அம்மாவினுடையது. கண்ணாடி வெடித்தது, இடமில்லாமல் படங்களால் நிறைந்தது, அவர்கள் இருக்கிற கீரிக் கிராமத்தில் சிக்னல் வந்தும் வராமலும் கிடப்பது. அதில் வேலை செய்தால் எதிலும் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் அம்மா பாலேஸ்வரி கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கையில் ஜெனிஸ்ரா அந்தப் போனை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். முதலாவது பெட்டகம் போனுக்குள் இறங்கவே இல்லை. இரண்டாவது, சிக்னல் போன உடனே கைவிரித்தது. மூன்றாவது மெதுவாக என்றாலும் நின்று பிடித்தது. அம்மாவின் பேஸ்புக் கணக்கை அதற்குள் இட்டாள். கடவுச்சொல்லின் பக்கத்தில் சிவப்பு அடையாளம் ஒன்று வந்தது. இது பலவீனமானது, உடனே மாற்றவும்.

சொல் அவளுக்குத் தெரிந்ததுதான். சீமாட்டி.

மாற்றுவதற்கு முன் அந்தக் கணக்கு எங்கெல்லாம் திறந்து கிடக்கிறது என்று பார்த்தாள். பார்க்கவேண்டும் என்பது ஒழுங்கு. இந்தப் போன் இருந்தது. அதன் கீழே இன்னொரு போன் இருந்தது. இடம் கொழும்பு. இன்று விடியப்புறம். அவள் தன்னுடைய கணக்கையும் திறந்து பார்த்தாள். கீரியில், இந்தக் கதிரையில் இருக்கிற அவளையும் அது கொழும்பு என்றுதான் காட்டியது. இந்த நாட்டில் யார் எங்கிருந்து திறந்தாலும் அது அப்படித்தான் காட்டும் போலிருந்தது. அப்படியென்றால் அந்தப் போன் வவுனியாவில் இருக்கலாம். மன்னார் பஸ் நிலையத்தில் இருக்கலாம். வேலிக்கு அந்தப்பக்கத்திலும் இருக்கலாம். அவள் தலையைத் தூக்கி வேலியைப் பார்த்தாள்.

“அம்மா, உங்கட கணக்குக்குள்ள வேற ஆரோ வந்து போகினம்.”

“ஓம்,” என்றாள் பாலேஸ்வரி. கத்தி நிற்கவில்லை. “உன்ர அண்ணன்.”

அண்ணன் நிலக்சனுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பொழுதுபட்ட பிறகு யார் தட்டினாலும் கதவு திறக்கப்படாது. குரலை நம்பமுடியாது. தெரிந்த ஆளையே பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திக் கூப்பிடவைக்கிறார்கள் என்று ஊரில் கதை. அதனால் வெளியே நிற்பவர் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைச் சொல்லவேண்டும். சொல்லைத் தெரிவுசெய்தவன் நிலக்சன். தெருவால் நொண்டிக்கொண்டு வந்து அவர்களுடைய வேலியில் உரசி நிற்கிற ஒரு கழுதைக்கு அவன் வைத்த பெயர் அது. அப்பா இராயப்பு ஒருநாள் கடலால் வந்து, அந்தப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, “நான்தானப்பா” என்று கனநேரம் வெளியே நின்றார். அம்மா திறக்கவில்லை. கடைசியில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு “சீமாட்டி” என்றபோது நிலக்சன் சிரித்த சிரிப்பு ஜெனிஸ்ராவுக்கு இன்னும் கேட்கும்.

மாமாவின் வயலில் அரிவி வெட்டுக்கு உதவப் போன நிலக்சன் உயிலங்குளத்துக்கு அந்தப்பக்கம் நின்றபோது சண்டை தொடங்கிப் பாதையை மூடினார்கள். அவன் வருவான் என்று பார்த்திருந்தார்கள். பிறகு கரையில் இருக்கமுடியாமற் போய், இருந்த மூன்று பேரும் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனார்கள். அப்பா மண்டபம் முகாமில் செத்தார். திரும்பி வந்தபோது அவன் எங்கே என்று மாமாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போறன் என்று வெளிக்கிட்டுப் போனான் என்று மட்டும் சொன்னார்.

“வீட்டுக்குத்தான் வந்திருப்பான்,” என்றாள் பாலேஸ்வரி. இப்போது கத்தியை வைத்துவிட்டாள். “வந்து கதவில தட்டி அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பான். உள்ளுக்கு நாங்கள் இல்லை.”

ஜெனிஸ்ரா போனை மடியில் வைத்தாள்.

“நீ போன் வாங்கித் தந்து என்ன சொல் போட எண்டு கேட்டனியெல்லோ. வேற என்னத்தைப் போடுறது? அவன் எங்க இருந்தாலும் என்ர பேரைத் தேடுவான். தேடிட்டு இந்தச் சொல்லைத்தான் அடிச்சுப் பாப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த இடத்தைக் காட்டித் தந்தவள். நாள்தோறும் விடிய வந்து பாத்திட்டுப் போறான்.”

“ஒண்டும் எழுதயில்லையே அம்மா.”

“பயம் பிள்ளை. எங்க நிக்கிறானோ. நான்தான் எழுதிறனான்.”

தனக்கு மட்டும் தெரியும்படி அம்மா எழுதியிருந்தவை அங்கே கிடந்தன. கூரைத்தகரம் மாத்தியாச்சு. தங்கச்சிக்கு மன்னாரில வேலை. முருங்கை காய்க்குது. ஜெனிஸ்ரா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அவை முடிவதாக இல்லை. அந்தச் சொல்லை அம்மா நினைவுக்காக வைத்திருக்கிறாள் என்றுதான் அவள் இத்தனை காலமும் எண்ணியிருந்தாள்.

சொற்களை இயந்திரங்கள் வரிசையாகப் போட்டுப் பார்த்துப் பூட்டுகளைத் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். கணக்கை மூடாமலே கடையில் கொடுத்து மாற்றிய அம்மாவின் பழைய போனும் நினைவுக்கு வந்தது. காரணங்கள் பல இருந்தன. எந்தக் காரணத்துக்கும் அண்ணன் தேவைப்படவில்லை. அதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. போனை உறியில் வைப்பதுபோல அலுமாரியின் மேலே வைத்துவிட்டு, உலை வைக்கப் போனாள்.

திங்கட்கிழமை இன்சாபிடம் சொன்னாள். பெயர் இல்லாமல், யாரோ ஒருவருடைய கணக்கு என்றுதான் தொடங்கினாள். பாதியில் அது அம்மாவாகிவிட்டது. அவன் பகிடி விடவில்லை. எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தான். அம்மா அந்தக் கணக்கால் வேறு எதிலும் இருக்கிறாவா என்று கேட்டான். காணாமல்போனவர்களைத் தேடுகிற தாய்மாரின் குழுவில் இருக்கிறா என்றாள். எங்கே கூடுவது, யார் யார் வருவது, யாருடைய படத்தை யார் கொண்டுவருவது எல்லாம் அதில்தான் பேசுவார்கள்.

“விளையாட்டா உள்ளிட்டவன் எண்டா இவ்வளவு நாளைக்குள்ள காசு கேட்டிருப்பான், இல்லாட்டி ஏதும் குரங்குச்சேட்டை விட்டிருப்பான்,” என்றான் இன்சாப். “ஒண்டும் செய்யாமப் பாத்துக்கொண்டு இருக்கிறதே வேலையா இருக்கிற ஆக்களும் இருக்கினம் தங்கச்சி.”

“அது அண்ணனா இருந்தா, இன்சாப் நானா?”

அவன் மேசையிலிருந்த மணலை விரலால் கூட்டிக் குவித்தான். அண்ணனா இருந்தால் வீடு தெரியும்தானே என்று மெல்லச் சொன்னான். சொன்ன பிறகு தேத்தண்ணி ஊற்றுவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டான்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்போது உயிலங்குளத்துப் பரமேஸ்வரி அக்காவின் ஞாபகம் வந்தது. சென்ற மாதம் அவ குழுவில் அடுத்த கூட்டம் தன் வீட்டில் என்று எழுதினா. கூட்டத்துக்கு முதல்நாள் மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வந்து, எத்தனை பேர் வருகினம் என்று சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டுப் போனார்கள். எப்படித் தெரிந்தது என்று எல்லோரும் யோசித்தார்கள். தங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் மாற்றிவிடலாம். ஒரு நிமிட வேலை. வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்தும்விட்டாள். அம்மா அடுப்படியில் நின்றாள். விடிய எழும்பி அந்த இடத்தைத் திறந்து பார்த்து, அங்கே யாரும் வராமல் இருக்கிறதைக் கண்டு, இன்னொரு விடியலையும் பார்ப்பாள். ஏன் வரவில்லை என்று அவளுக்குச் சொல்ல ஆள் இருக்காது. அந்த மாதிரி ஒன்றை இன்னொரு முறை இந்த வீட்டில் நடக்கவிடமுடியாது என்று ஜெனிஸ்ராவுக்குப் பட்டது.

அடுப்படி வாசலில் நின்று, இன்சாப் சொன்னதையும் பரமேஸ்வரி அக்காவின் வீட்டுக்கு வந்தவர்களையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இது அண்ணன் இல்லை என்று சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல அவள் படிக்கவில்லை.

பாலேஸ்வரி அடுப்பைத் தணித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து குந்தினாள். பிறகு, “பரமேஸ்வரிக்கு ரெண்டு பேர்,” என்றாள். “ரெண்டு பெடியளையும் காணயில்லை.”

“ஓம் அம்மா.”

“நான் திறந்து விட்ட கதவாலயோ அவளின்ர வீட்டுக்குப் போனவங்கள்?”

வெளியே காற்று பனையோலைகளைப் போட்டு அடித்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாத்து,” என்றாள் பாலேஸ்வரி. கையை நீட்டினாள். “பொறு. ஒண்டு எழுதிட்டு.”

ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி எழுதினாள். ஜெனிஸ்ரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். போன் திரும்பி வந்ததும் பெட்டகத்தைத் திறந்து புதிய சொல்லைக் கேட்டாள். அது எழுத்தும் இலக்கமும் குறிகளுமாக ஒரு நீண்ட கோவையைத் தந்தது. அம்மா எட்டிப் பார்த்து, உதட்டை அசைத்து அதை வாசிக்கப் பார்த்தாள்.

“இதை வாயால சொல்லேலாதே.”

“சொல்லத் தேவையில்லை அம்மா. அது தானே போடும்.”

“ஆரும் சொல்லேலாது?”

“ஆரும் சொல்லேலாது.”

மற்ற எல்லா இடங்களிலும் வெளியேற்று என்ற இடத்தை அழுத்தினாள். சின்ன வட்டம் ஒன்று சுழன்றது. பிறகு அந்த மற்றப் போன் இல்லை. இந்தப் போன் மட்டும் இருந்தது. கொழும்பு, இப்போது. பாலேஸ்வரி போனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கறியை மூடப் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் யோகராசாவிடம் மூன்றாவதைச் சிபாரிசு செய்தாள். ஏன் என்று கேட்டார். வேலை செய்கிறது, என்றாள். அவர் தன்னுடையதை மட்டும் தானே போடுவதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்சாப் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவளும் சிரித்தாள். ஆனால் அம்மா நேற்றுச் சாப்பிடாதது மனதில் நின்றது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வெளிக்கிட்டாள்.

அம்மா பின்வாசல் படியில் இருந்தாள். பக்கத்தில் அரைவாசி காயப்போட்ட உடுப்புகள் வாளியோடு கிடந்தன. ஜெனிஸ்ரா வந்ததை அவள் அறிந்த மாதிரித் தெரியவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஜெனிஸ்ரா குனிந்து பார்த்தாள். வெடித்த கண்ணாடிக்குக் கீழே தமிழில்தான் எழுதியிருந்தது. உங்கள் கணக்கின் பழைய கடவுச்சொல்லைக் கொண்டு ஒருவர் உள்ளே வர முயல்கிறார். நீங்கள்தானா?

அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

“எப்ப வந்தது அம்மா?”

வெயில் நேரே பாலேஸ்வரியின் முகத்தில் விழுந்தது. திரை மங்கத் தொடங்கியது. அவள் பெருவிரலைக் கொண்டுபோய், இரண்டு பொத்தான்களிலும் படாமல், மேலே வெறுமையாக இருந்த இடத்தில் மெல்லத் தொட்டாள். வெளிச்சம் திரும்பி வந்தது. கொஞ்சநேரத்தில் அது மறுபடியும் மங்கியது. அவள் மறுபடியும் தொட்டாள்.