காலி நாற்காலிக்கு ஒரு தாளம்

பிரான்சில் ரோன் நதிக்கரையில் எங்கள் ஓபரா அரங்கில் தெசாந்தியே பத்தொன்பது வருடம் வாத்தியக் குழுவின் துணை நடத்துநராகவே இருந்தார். தலைமை நடத்துநருக்குக் காய்ச்சல் வந்தால்தான் கோல் அவர் கைக்கு வரும். அந்த ஞாயிறு மதியக் காட்சி நன்றாக அமைந்தால் தலைமைப் பதவி அவருக்கே என்று அரங்க இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மூன்றாம் அங்கத்தில் நாயகி தனியே பாடும்போது ஓபோ குழல் மட்டும் துணைக்கு வரும். எங்கள் சிறிய குழுவில் ஓபோ ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்துக்காகவே ஒன்பது ஒத்திகை. ஓபோக்காரன் பிரேவான் ஒன்றுக்கும் தவறவில்லை. எங்கே மூச்சு வாங்குவது என்பதைக்கூட அவனும் தெசாந்தியேவும் சண்டை போட்டு முடிவு செய்திருந்தார்கள்.

ஞாயிறன்று காட்சி தொடங்கும் முன் என் பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவன் ஓபோவோடு உட்கார்ந்திருந்தான்.

"நீ யாருப்பா?" என்றார் தெசாந்தியே.

"பிரேவானோட பதில் ஆளு, மேஸ்ட்ரோ. அவருக்கு பாரிஸ்ல சினிமா வாசிப்பு. நோட்டைப் பாத்து வாசிச்சிடுவேன், கவலைப்படாதீங்க."

ஒத்திகைக்கு ஒருவன், காட்சிக்கு வேறொருவன். வாத்தியக்காரர்களுக்குள் அது பழைய வழக்கம். போன மாதம் நானே எனக்குப் பதில் என் மச்சானை பஸூன் குழல் வாசிக்க அனுப்பியிருந்தேன்.

"ஒம்பது நாள் யார்கிட்ட தொண்டை கிழியக் கத்தினேன்? சுவத்துக்கிட்டயா?"

"எல்லா ஊர்லயும் நடக்கறதுதானே, மேஸ்ட்ரோ," என்றேன்.

"நீ வாயை மூடு, லுஸ்தாலோ. உன் மச்சான் வாசிச்சது கழுதை இருமுன மாதிரி இருந்துச்சு."

வயலின்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்தப் புதியவனிடம் கதவைக் காட்டினார்.

"எந்திரி. வெளிய போ."

"அப்ப ஓபோவை யாரு வாசிப்பா?"

"யாரும் வாசிக்க வேணாம்."

முதல் இரண்டு அங்கங்கள் எப்படியோ நொண்டி முடிந்தன. மூன்றாவதில் நாயகி தன் பாட்டைத் தொடங்கினாள். தெசாந்தியே காலி நாற்காலிப் பக்கம் திரும்பி, ஒத்திகையில் காட்டியதுபோலவே ஒரு தாளம் விடாமல் காட்டினார். மூச்சு வாங்கும் இடத்தில் இடது கையைத் தூக்கி நிறுத்தினார். அரங்கில் முதலில் இருமல், பிறகு கேலிச் சீழ்க்கை.

"ஆள் எங்கேய்யா?" என்று மேல்மாடத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

இயக்குநர் தன் மாடத்தை விட்டு எழுந்து, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தெசாந்தியேவுக்கும் கேட்டிருக்கும். கை மட்டும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை பிரேவான் விசிலடித்தபடி வந்தான்.

"என் ஆளு நேத்து எப்படி வாசிச்சான்?"

அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். தெசாந்தியேவின் அறைவரை இழுத்துப்போய், "நீயே கேளு!" என்று கதவின்மேல் தள்ளினேன். கதவிலிருந்த அவர் பெயர்ப்பலகையைக் காலையிலேயே கழற்றிவிட்டிருந்தார்கள்.