படி கழுவிய வெள்ளிக்கிழமை

“நாளைக்கு இன்டர்வியூ! நாலு மாடி இங்கிலீஷையும் ஒரே வாளித் தண்ணியில கரைச்சு விட்டுட்டீங்களே, உம்மு ஹிலால்!”

“வெள்ளிக்கிழமைன்னா படி கழுவுறதுதான்டி. தொழுகைக்குப் போறவங்க உன் சாக்பீஸ்ல வழுக்கி விழணுமா?”

நான் கதவை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டேன். பாதி திறந்தால் பாதிச் சண்டைதான் கேட்கும்.

மேல்மாடி ஷாஹினாஸுக்கு ஹோட்டல் வரவேற்பில் உட்கார ஆசை. அலெக்சாண்டிரியாவில் ஹோட்டலுக்கா பஞ்சம்? ஆங்கிலத்தில்தான் இரண்டு முறை கவிழ்ந்தாள். ‘கோ’ என்பது ஒரே ராத்திரியில் ‘வென்ட்’ ஆகிவிடுவதை அவளால் மன்னிக்க முடியவில்லை. இந்த முறையும் போனால் மாமாவின் பொத்தான் கடைதான். அதனால் படிக்கு ஒரு வினைச்சொல் எழுதி, படிக்குப் படி நின்று, மூன்று வடிவத்தையும் கத்திவிட்டுத்தான் ஏறுவாள். எங்கள் லிஃப்ட் செத்து ஆறு வருஷம்.

இப்போது வெறும் ஈரப்படியைப் பார்த்து அழுதாள். மூன்றாம் மாடி உம்மு ஹிலால் துடைப்பத்தைச் சாத்தினாள்.

“அழாத. ஒரு மாசமா நீ கத்துனதுல என் காதே புளிச்சுப் போச்சு. என் வாசப்படி, ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க். அதுக்கு மேல ஈட், ஏட், ஈட்டன். சரியா?”

ஷாஹினாஸ் வாயைப் பிளந்தாள். அன்று மாலை வரை அவரவர் வாசலில் நின்று அவரவர் படியை ஒப்பித்தோம். என் படி ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன். எத்தனையோ சொல் இருக்க, திருட்டை ஏன் என் வாசலில் போட்டாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மறுநாள் நடந்ததை அவளே சொன்னாள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார் மேலாளர். இவள் ‘ஈட்’ இருந்த படியைத் தேடியிருக்கிறாள். மேசைக்கு அடியில் செருப்பு டக் டக்கென்று ஏறத் தொடங்கியது.

“கால்ல என்னம்மா?”

“ரெண்டாவது மாடி தாண்டிட்டேன் சார், இதோ வந்துடுறேன்... ஏட்!”

அவர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனதாம். வேலை கிடைத்துவிட்டது.

அடுத்த வருஷம் அதே ஹோட்டலின் லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு ஹுர்காதாவுக்குப் போய்விட்டாள். ஒன்பதாம் மாடி வீடு. லிஃப்டிலேயே போய் வருவதால் ஆங்கிலம் துருப்பிடித்துவிட்டது என்று கேள்வி. மாப்பிள்ளை வந்த அன்று எங்கள் லிஃப்டையும் ஒரு பார்வை பார்ப்பார் என்று நம்பினோம். பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.